கோடை மழைக்குப் பின் வேப்பமரத்துக்கு வந்த வண்டுகள்

சத்தியமங்கலத்துக்கு அருகே எங்கள் கரும்புத் தோட்டத்து வரப்பில் நிற்கும் வேப்பமரம், கோடை மழை பெய்த மூன்றாம் நாள் காலையில் இலையெல்லாம் அரிக்கப்பட்டு வெறும் ஈர்க்குகளாக நின்றது. கம்பளிப்புழு என்று நினைத்துத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்தான், "ராத்திரி ஏழரை மணிக்கு டார்ச் எடுத்துட்டு வாங்க தம்பி, ஆளைக் காட்டறேன்" என்றார்.

பொழுது மங்கியதும் மண்ணிலிருந்து பழுப்பு வண்டுகள் எழும்பி, கனத்த ரீங்காரத்துடன் மரத்தை நோக்கிப் பறந்தன. கிளைகளில் இணை சேர்ந்த பிறகே மேய்ச்சலைத் தொடங்கின. அவை இலையைக் கடிக்கும் ஓசை, சருகின்மேல் தூறல் விழுவதைப்போலக் கேட்டது. என் சட்டையில் விழுந்த ஒன்றை எடுக்க முயன்றபோது காலின் முட்கள் நூலில் மாட்டிக்கொண்டன. இரண்டு சென்டிமீட்டர் நீளமிருக்கும். உணர்கொம்பின் நுனி மட்டும் சிறு விசிறியாக விரிந்து மூடியது. விடியுமுன் அத்தனையும் மண்ணுக்குள் திரும்பிவிடுவதால்தான் பகலில் கண்ணில் படுவதில்லை.

வேம்பு மறுபடி துளிர்த்துவிடும். கவலை அதைப் பற்றியதன்று. இந்த வண்டு மண்ணில் இடும் முட்டைகள் சுமார் பத்து நாளில் பொரிந்து, பிறைபோல் சுருண்டு கிடக்கும் வெண்புழுக்களாகி, மாதக்கணக்கில் வேரைத் தின்கின்றன. முந்தைய ஆண்டு கரும்பு மஞ்சளடித்தபோது தண்ணீர் போதவில்லையென்று நான் கூடுதலாகப் பாய்ச்சியதும், பிறகு தூரைப் பிடித்து இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வந்ததும் அப்போதுதான் விளங்கின. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த வண்டு அடுத்த கோடை மழை வரை மண்ணுக்குள்ளேயே காத்திருக்குமாம். ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான்.

மறுநாள் இரவு மரத்தடியில் தார்ப்பாய் விரித்து, தொரட்டியால் கிளைகளை உலுக்கி, விழுந்தவற்றை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டோம். முதல் இரவில் ஒரு வாளி நிரம்பியது. வரப்பிலிருந்த முருங்கையை மறந்துவிட்டோம். காலையில் அது மொட்டையாக நின்றது. ஐந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து தொடர்ந்து ஒரு வாரம் உலுக்கினோம், ஏனெனில் ஒருவர் மட்டும் பிடித்தால் அடுத்த தோட்டத்திலிருந்து பறந்து வந்துவிடும். இப்போதெல்லாம் கோடையில் ஆழ உழும்போது டிராக்டரின் பின்னாலேயே மைனாக்களும் கொக்குகளும் வருகின்றன. அவை கொத்தி முடிக்கும்வரை அடுத்த உழவுச்சால் ஓட்ட வேண்டாமென்று ஓட்டுநரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.