மறு: ‘கிரிப் எய்டு’க்குத் தமிழ்ச்சொல்: ஒன்று போதாது, மூன்று வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நட்ட உலோகக் கம்பத்தில் ஏறிச் சுழன்று ஆடும் கம்ப நடனம் (போல் டான்ஸ்) கற்க வருபவர்களுக்காகப் பாதுகாப்புக் குறிப்பொன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் சென்னைத் தோழி, வழுக்காமல் பிடிக்கக் கையிலும் உடலிலும் தடவும் ‘கிரிப் எய்டு’க்கு ஒரு சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கினார். அதற்குள் பிடியூக்கி, பற்றுக்கூட்டி, பிடிகூட்டி என்று வரிசையாகப் பரிந்துரைகள் வந்துவிட்டன. சொற்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் வேலையில் ஒன்றுக்கொன்று நேரெதிரான பூச்சுப் பொருள்களை ஒரே சொல்லுக்குள் அடைக்கிறோம் என்பதுதான் என் கவலை. நான் டொரன்டோவில் சில காலமாகக் கம்பம் பழகுகிறேன், புதியவர்களுக்கு உதவியும் செய்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

> கையில் தடவினால் வழுக்காது, அவ்வளவுதானே? பிடியூக்கி என்று முடித்துவிடலாமே.

ஐயா, வழுக்கலுக்குக் காரணம் ஒன்றே ஒன்றாக இருந்தால் நானும் இதற்கே வாக்களித்திருப்பேன். வியர்த்த கையும் வழுக்கும், வறண்ட கையும் வழுக்கும். தோலின் மேலடுக்கில் ஓரளவு ஈரம் ஏறும்போது அது மெத்தென்று ஆகி உலோகத்தோடு நன்றாகப் படியும். தொடும் பரப்பு கூடும், உராய்வும் கூடும். அதே ஈரம் இன்னும் ஏறி, தோலுக்கும் கம்பத்துக்கும் நடுவில் நீர்ப்படலமாக நின்றுவிட்டால் அதுவே வழுக்கவைக்கும். மறுபக்கம், தோல் காய்ந்து விறைத்திருந்தால் கம்பத்தில் படிவதே இல்லை. மண்வெட்டி பிடிக்கும் முன் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொள்பவரை எல்லோரும் பார்த்திருப்போம். அவர் தேடுவது இந்த நடு அளவு ஈரத்தைத்தான்.

இப்போது சென்னையையும் டொரன்டோவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மே மாதம் சென்னையில் மாடி அறையில் பயிற்சி என்றால், கம்பத்தைத் தொடும் முன்பே உள்ளங்கை நனைந்திருக்கும். அவருக்கு வேண்டியது ஈரத்தை உறிஞ்சும் பொருள். இங்கே ஜனவரியில் ஹீட்டர் ஓடும் வீட்டிலிருந்து பனிக்காற்றில் நடந்து வகுப்புக்கு வருகிறோம். விரல்நுனிகள் வெடித்திருக்கும், முழங்காலுக்குப் பின்புறம் சாம்பல் பூத்திருக்கும். கம்பமோ சில்லென்று இருக்கும். சென்னைக்காரருக்கு உயிர்காத்த பொடியை இங்குள்ளவர் தடவினால் இருக்கிற கொஞ்ச ஈரமும் போய் இன்னும் வேகமாக வழுக்குவார். தலைகீழாகத் தொங்கும் நிலையில் இது சின்ன விஷயமில்லை. குறிப்பில் ‘பிடியூக்கி தடவிக்கொள்ளவும்’ என்று ஒரே வரி இருந்தால், படிப்பவர் எதை வாங்குவார்?

ஆகவே, தோலுக்கு அந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதை வைத்தே பெயர் கொடுப்போம் என்கிறேன்.

முதலாவது, ஈரத்தை உறிஞ்சுபவை. மக்னீசியம் கார்பனேட் பொடி, அதையே ஆல்கஹாலில் கலந்த திரவம், ‘டிரை ஹேண்ட்ஸ்’ என்ற பெயரில் விற்பது போன்றவை. இவற்றுக்கு ‘உலர்பூச்சு’. இரண்டாவது, ஒட்டும் தன்மையைத் தருபவை. தேன்மெழுகோ பைன் மரப் பிசினோ சேர்ந்தவை இந்த வகை. இவற்றுக்கு ‘பசைப்பூச்சு’. மூன்றாவது, வறண்ட தோலுக்குக் கொஞ்சம் ஈரம் கொடுத்துப் பிடிக்கவைப்பவை. ‘டியூ பாயிண்ட்’ என்ற பெயரில் விற்பது இப்படிப்பட்டது. ஷேவிங் ஃபோமைக் காலில் தேய்த்து ஊறவிடும் பழக்கமும் இதில் அடங்கும். இதற்கு ‘ஈரப்பசைப் பூச்சு’. ஈரப்பசை என்பது நாம் மண்ணுக்குச் சொல்லும் சொல். மண்ணில் ஈரப்பசை இருக்கிறது என்றால் சேறாகவும் இல்லை, புழுதியாகவும் இல்லை என்று எல்லோருக்கும் புரியும். தோலுக்கும் அதே நிலைதான் வேண்டும். சொல்லைப் புதிதாகக் கட்ட வேண்டிய தேவையே இல்லை.

மூன்றுக்கும் பொதுப்பெயராக ‘பிடிமானப் பூச்சு’. ஏன் பிடிப்பு என்று சொல்லவில்லை என்றால், இடுப்புப் பிடிப்பு, தசைப்பிடிப்பு என்று அந்தச் சொல்லைச் சுளுக்கு வகைக்குக் கொடுத்துவிட்டோம். உடற்பயிற்சிக் குறிப்பில் ‘தொடையில் பிடிப்பு அதிகமானால்’ என்று எழுதினால் ஆள் ஐஸ் பேக் தேடுவார். ஊக்கி வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. விளையாட்டுப் பக்கத்தில் ஊக்கமருந்து என்ற சொல் நிலைத்துவிட்டது. கம்ப நடனத்திலோ சர்வதேச அளவில் போட்டிகள் நடக்கின்றன. 2017இல் கம்ப விளையாட்டுக்கான கூட்டமைப்புக்கு உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் பேரவையில் பார்வையாளர் தகுதியும் கிடைத்தது. நாளைக்கு யாராவது போட்டி விதிமுறைகளைத் தமிழாக்கும்போது ‘வீரர் பிடியூக்கி பயன்படுத்தலாம்’ என்று எழுதினால் வீண் குழப்பம். பிடிமானம் அப்படியில்லை. படிக்கட்டில் பிடிமானம் இல்லை, டயரில் பிடிமானம் போச்சு என்று அன்றாடம் சரியான பொருளிலேயே புழங்குகிறது.

> பசைவகைக்குக் குங்கிலியப் பூச்சு என்று வைத்தால் மண்ணின் மணம் இருக்குமே?

ஆசை புரிகிறது அண்ணா. ஆனால் குங்கிலியம் சால மரத்துப் பிசின், சாம்பிராணியோடு புகை போடுவது. இங்கே பேசப்படுவது பைன் மரப் பிசின், வயலின் வில்லில் தேய்க்கும் அதே வகை. பெயரைப் பார்த்து நாட்டுமருந்துக் கடையில் குங்கிலியம் வாங்கிக் கையில் தேய்த்துக்கொண்டு ஒருவர் வந்து நிற்க நாம் காரணமாக வேண்டாம்.

இதைவிடவும் எனக்கு அழுத்தமாகச் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. இழையில் இரண்டு பேர் ‘சாக்’ என்பதற்குச் ‘சுண்ணப்பொடி’, ‘சுண்ணாம்புப் பொடி’ என்று எழுதியிருந்தார்கள். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். ஜிம்னாஸ்டிக் மைதானத்தில் பயன்படுவது மக்னீசியம் கார்பனேட். கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் வேறு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு முற்றிலும் வேறு. அது கடுங்காரம், வியர்த்த தோலில் அதிக நேரம் இருந்தால் வெந்துவிடும். தமிழ் படிக்கும் ஒருவர் சுண்ணாம்பு என்ற எழுத்தைப் பார்த்ததும் நினைப்பது வெற்றிலைப் பெட்டியைத்தான். ‘மக்னீசியப் பொடி’ என்றே எழுதலாம். பயிற்சிக் களங்களில் சொல்லும் ‘சாக் பவுடர்’ என்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. புரிகிற இரவல் சொல், புண்ணாக்கும் தமிழ்ச்சொல்லைவிட மேல்.

பசைப்பூச்சைப் பற்றியும் குறிப்பில் ஒரு எச்சரிக்கை சேர்க்கவேண்டும். ஏற்கெனவே நனைந்த கையில் பசையைத் தடவினால் அது குழைந்து கூழாகிவிடும். முதலில் உலர்த்தி, பிறகுதான் பசை. இன்னொன்று, சுழலாத கம்பத்தில் உடல் சுற்றும்போது கை கொஞ்சம் வழுகித் திரும்பியே ஆகவேண்டும். அளவுக்கு மீறிப் பசை இருந்தால் கை ஒரே இடத்தில் நின்றுவிடும், உடல் மட்டும் திரும்பும். முறுக்கு முழுவதையும் மணிக்கட்டும் தோளும் வாங்கிக்கொள்ளும். உள்ளங்கைக் காய்ப்பு பிய்ந்து வருவதும் இப்படித்தான். பிடிமானம் கூடக்கூட நல்லது என்ற எண்ணத்தை ‘கூட்டி’ என்று முடியும் சொற்கள் வளர்க்கும். அந்த ஈறு எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் காரணம்.

> மல்லர் கம்பத்தில் ஏற்கெனவே சொற்கள் இருக்குமே. அங்கிருந்து எடுத்தால் என்ன?

நிலைகளின் பெயர்களுக்கு அங்கே போவது மிகவும் சரி. விழுப்புரத்தில் பிள்ளைகள் மல்லர் கம்பம் பழகுகிறார்கள், அவர்கள் வாயில் என்ன சொற்கள் இருக்கின்றன என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் பூச்சு விஷயத்தில் இரண்டும் எதிர்த்திசை. மல்லர் கம்பம் மரம். மரத்தில் தோல் அளவுக்கு மீறி உரசும் என்பதால் விளக்கெண்ணெய் தடவி உராய்வைக் குறைக்கிறார்கள். கம்ப நடனத்தில் வழவழப்பான உலோகம். அங்கே ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் ஆபத்து. இதையும் சென்னைக் குறிப்பில் சேருங்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வகுப்புக்கு வருபவர் கட்டாயம் இருப்பார். தலையில் வைத்த தேங்காய் எண்ணெய் கழுத்து வழியாகத் தோளுக்கு இறங்கும். கூந்தலை ஒதுக்கிய கை அப்படியே கம்பத்தைத் தொடும். உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. அங்கே எண்ணெய் இருந்தால் முகத்திலிருந்தோ முடியிலிருந்தோ வந்ததுதான். பாடி லோஷனையும் முந்தின நாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது ‘ஸ்கின் கிரிப்’. தோல்பிடி என்று ஒருவர் எழுதினார். எனக்குக் கத்தியின் தோல் கைப்பிடிதான் நினைவுக்கு வந்தது. தோல் என்றால் பதனிட்ட தோலும்தானே. ‘மேனிப்பிடி’ என்று வைப்போமா? முழங்கால் மடிப்பு, உள்தொடை, அக்குள், முழங்கை மடிப்பு, இடுப்புப் பக்கம் என்று கையல்லாத இடங்களால் கம்பத்தைப் பற்றி நிற்பது. இரண்டு கையையும் விட்டுவிட்டு ஒற்றை முழங்கால் மடிப்பில் ஒருவர் தொங்கும்போது, முழு எடையையும் தாங்குவது உள்ளங்கை அகலத் தோல். துணி நடுவில் வந்தால் சர்ரென்று இறங்கிவிடுவார். ஆடை ஏன் இவ்வளவு குறைவு என்று வீட்டில் கேட்கிறார்கள் என்று தோழி எழுதியிருந்தார். அந்தக் கேள்விக்கு இதுவே நேர்மையான பதில். மேனிப்பிடி என்ற சொல்லைக் கொடுத்து அதை விளக்கினால் அம்மாக்களுக்கும் புரியும். முழு ஆடையோடு பழக விரும்புபவர்களுக்கு சிலிக்கோன் உறையிட்ட கம்பமும் உண்டு என்பதையும் சேர்த்து எழுதலாம்.

> ‘போல் கிஸ்’ = கம்ப முத்தம்?

கம்பம் அழுந்திய இடத்தில் தோல் கன்றுவதைத்தான் ‘போல் கிஸ்’ என்கிறார்கள். முத்தம் வேண்டாமே. கன்றிப்போச்சு என்று நமக்கு அருமையான சொல் இருக்கிறது. ‘கன்றல்’ போதும். உள்தொடையிலும் புறங்காலிலும் தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும். நீலம், பிறகு பச்சை, பிறகு மஞ்சள் என்று மாறி மறைந்துவிடும். அதை ‘சிராய்ப்பு’ என்பதிலிருந்து பிரித்துச் சொல்வதுதான் முக்கியம். கன்றலில் தோல் கிழியவில்லை. அந்த இடத்துக்கு ஓய்வு கொடுத்து வேறு இடத்தில் பழகலாம். சிராய்ப்பில் தோல் திறந்துவிட்டது. ரத்தமும் நிணமும் பலரும் தொடும் கம்பத்தில் படும். அன்றைக்குப் பயிற்சியை நிறுத்த வேண்டும், கம்பத்தையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்.

பூச்சால் தீராதவையும் இருக்கின்றன. உள்ளங்கை வியர்வை வெயிலைவிடப் பதற்றத்துக்கு அதிகம் பெருகும். புதிய அசைவு, உயரம், பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்கள் என்றால் குளிர் அறையிலும் கை நனையும். பேனா பிடிக்கவும் முடியாத அளவுக்கு எப்போதும் வியர்த்தால் அது ‘மிகைவியர்வை’. தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டியது. அலுமினியம் குளோரைடு கலந்த மருந்தை இரவில் உலர்ந்த கையில் தடவச் சொல்வார்கள். கையைத் தண்ணீரில் வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் சிகிச்சையும் உண்டு. மருந்துவகைக்கு ‘வியர்வையடக்கி’ என்று தனிப்பெயர் வைத்து, பூச்சுப் பட்டியலிலிருந்து விலக்கிவிடுவோம். அது வியர்வை வருவதையே குறைப்பது, உலர்பூச்சு வந்த வியர்வையை உறிஞ்சுவது.

கம்பமும் காரணமாகலாம். இப்போது போட்டிகளில் வழக்கமான விட்டம் 45 மி.மீ. பழைய கம்பங்கள் 50 மி.மீ. இருக்கும், சிறிய கைக்கு அதைச் சுற்றிப் பிடிப்பதே சிரமம். பித்தளை, வியர்க்கும் கைக்குக் குரோமைவிட நன்றாகப் பிடிக்கும் என்பது பழகுபவர்கள் பரவலாகச் சொல்வது. குரோம் முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருக்கும். முலாம் தேய்ந்தால் நிக்கல் தோலில் படும். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்கள், உள்தொடையில் மறுநாள் அரிப்பும் சிறு கொப்புளமும் கண்டால், அதை உராய்வு என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளாமல் ‘நிக்கல் ஒவ்வாமை’யா என்று பார்க்கவேண்டும். அவர்களுக்கு எவர்சில்வர் கம்பம் பெரும்பாலும் ஒத்துப்போகும். அதிலும் நிக்கல் உண்டு, ஆனால் மிகக் குறைவாகவே வெளியே கசியும். குறிப்பில் ‘துருவேறா எஃகு’ என்று எழுதுவதா, எவர்சில்வர் என்று எழுதுவதா என்று கேட்டால், எவர்சில்வர் என்றே எழுதுங்கள் என்பேன். வாசிப்பவர் கடையில் கேட்கப்போகும் சொல் அது.

மேனிப்பிடியை மட்டும் யாராவது நன்றாக எதிர்த்துப் பேசிப் பாருங்கள். மேனி என்றால் நிறம், அழகு என்ற சாயல் முந்திக்கொள்கிறது என்று தோன்றினால் ‘உடற்பிடி’க்கு இறங்கிவரத் தயார். பூச்சுகள் மூன்றும் தனித்தனிப் பெயரோடு இருக்கவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். தோழி, உங்கள் குறிப்பு அச்சுக்குப் போகுமுன் பொடி வரும் இடங்களை எனக்கு அனுப்புங்கள், சுண்ணம் எங்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
டொரன்டோவிலிருந்து