டெஸ்டோஸ்டிரோன் ஊசி: ரத்தம் எடுக்க எந்த நாள்? ஹீமாட்டோகிரிட் 53-க்கு என்ன செய்வது?

நீலக்குடை (கேள்வி)

டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் 250 மி.கி., 3 வாரத்துக்கு ஒரு ஊசி. டாக்டர் சொன்னபடி நீண்டகாலமாகப் போகிறது, நிறுத்தும் எண்ணம் இல்லை. டோஸ் மாறவே இல்லை, ஆனால் கடைசி மூன்று ரிப்போர்ட்டில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் 1120, 640, 265 நானோகிராம்/டெசிலிட்டர் என்று ஆளுக்கொரு பக்கம் நிற்கிறது. ஹீமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 48-இல் இருந்து 51, இப்போது 53. ஜிம் குரூப்பில் "ரத்ததானம் பண்ணு, இறங்கிடும்" என்கிறார்கள். எஸ்ட்ராடியால் (பெண்மை ஹார்மோன்) 46 பிகோகிராம்/மில்லி, அதைக் குறைக்க அனஸ்ட்ரசோல் மாத்திரை எடுக்கச் சொல்கிறார்கள். லேபுக்கு எந்த நாளில் போக வேண்டும்? இந்த 53-ஐ என்ன செய்வது?

தராசு

மூன்று ரிப்போர்ட்டும் சரியாகவே இருக்கலாம். ஊசி போட்ட எத்தனையாவது நாள் ரத்தம் எடுத்தீர்கள் என்பதுதான் அதில் இல்லை. எனந்தேட் போட்ட ஓரிரு நாளில் உச்சிக்குப் போகும். மூன்றாவது வாரக் கடைசியில் பலருக்கு இயல்பு வரம்புக்குக் கீழேயே விழுந்துவிடும். 1120 மூன்றாம் நாள், 265 இருபதாம் நாள் என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எண்டோகிரைன் சொசைட்டி என்ற ஹார்மோன் மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல்படி எனந்தேட், அதைப் போன்ற சைப்பியோனேட் ஊசி இரண்டுக்கும் இரண்டு ஊசிகளுக்கு நட்டநடுவில் எடுக்க வேண்டும். அந்த நாளில் 350-க்குக் கீழே அல்லது 600-க்கு மேலே இருந்தால்தான் டோஸிலோ இடைவெளியிலோ கை வைப்பார்கள். ஜெல் என்றால் தடவிய 2 முதல் 8 மணி நேரத்துக்குள். நீண்ட நாள் நிற்கும் அன்டெக்கனோயேட் ஊசி என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால். காலை எட்டு மணி கணக்கெல்லாம் நோயைக் கண்டறியும்போது முக்கியம். ஊசி போகும்போது நாள் கணக்குதான் பேசும். ஆகவே ஒவ்வொரு ரிப்போர்ட்டின் மேலேயும் "ஊசிக்குப் பின் இத்தனையாவது நாள்" என்று பேனாவால் எழுதி வையுங்கள். அது இல்லாத எண்ணை வைத்து டோஸ் மாற்றுவது குருட்டாம்போக்கு.

என்னைக் கேட்டால் உங்கள் சிக்கலே 3 வார இடைவெளிதான். 250-ஐ மூன்றால் வகுத்தால் வாரத்துக்கு 83 மி.கி. அதே அளவை வாரம் 80 என்று பிரித்தால் மேடு பள்ளம் வெகுவாகக் குறையும். டாக்டரிடம் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 250 மி.கி. ஆம்பூலை (உடைத்துத் திறக்கும் கண்ணாடிக் குப்பி) ஒருமுறை உடைத்தால் அன்றே முடிக்க வேண்டியது. மிச்சத்தைச் சிரிஞ்சில் அடைத்து அடுத்த வாரம் வரை வைப்பது சீழ்க்கட்டிக்கு வழி. பலமுறை மருந்து எடுக்கக்கூடிய ரப்பர் மூடிக் குப்பியோ (vial), 100 மி.கி. ஆம்பூலோ கேளுங்கள். மில்லிக்கு 250 மி.கி. உள்ள அந்தக் குப்பியில் 80 மி.கி. என்பது 0.32 மில்லி, அதை 1 மில்லி சிரிஞ்சில்தான் துல்லியமாக அளக்க முடியும். மாற்றிய பிறகு 5–6 வாரம் விட்டுத்தான் டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வேண்டும்.

சிவப்பணு

ஹீமாட்டோகிரிட் பற்றி. அதே வழிகாட்டுதலில் 54-க்கு மேல் போனால் ஊசியை நிறுத்தி, இறங்கிய பிறகு குறைந்த டோஸில் தொடங்கு என்று இருக்கிறது. 53 என்றால் கோட்டுக்கு ஒட்டி நிற்கிறீர்கள்.

ஆனால் அந்த 53 நிஜம்தானா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான லேப் கருவிகள் ஹீமாட்டோகிரிட்டை நேரடியாக அளப்பதில்லை. சிவப்பணு எண்ணிக்கையை எம்சிவியால் (ஒரு சிவப்பணுவின் சராசரி பருமன்) பெருக்கிச் சொல்கின்றன. சாம்பிள் கலெக்‌ஷன் சென்டரிலேயே ஒரு நாள் கிடந்தால் அணுக்கள் ஊதும், எம்சிவி ஏறும், ஹீமாட்டோகிரிட்டும் கூடவே ஏறும். ஹீமோகுளோபின் அப்படி அசையாது. அதனால் ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்குங்கள். 16.2 என்றால் 48.6 வர வேண்டும். ரிப்போர்ட் 53 என்றால் சாம்பிள் மேல் சந்தேகம். ஹீமோகுளோபினே 17.6-க்கு மேல் என்றால் ஏற்றம் உண்மை. வெறும் வயிறு என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் போவதும், கையில் கட்டிய பட்டையை வெகுநேரம் அவிழ்க்காமல் விடுவதும் எண்ணைத் தூக்கிவிடும்.

உண்மை என்றால் காரணத்தைத் தேட வேண்டும். டெஸ்டோஸ்டிரோன், இரும்பைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் ஹார்மோனைக் குறைத்து இரும்பை அவிழ்த்துவிடுகிறது, சிவப்பணு உற்பத்தியை முடுக்கும் எரித்ரோபொயட்டின் ஹார்மோனையும் தூண்டுகிறது. ஊசியின் உச்சம் எவ்வளவு உயரமோ அவ்வளவு முடுக்கம். ஜெல்லில் இது குறைவு. புகையும், தூக்கத்தில் மூச்சு நின்று போவதும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ரத்ததானம் சில புள்ளி இறக்கும், பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் 200–250 மி.கி. இரும்பு போகிறது. அடிக்கடி கொடுத்தால் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) தரைதட்டும், உடம்பு அசதியாகும். அசதிக்கு இரும்பு மாத்திரை போடுவார்கள், ஹீமாட்டோகிரிட் மறுபடி எகிறும், மறுபடி தானம். இந்தச் செக்குமாட்டு வட்டத்தில் எச்பிஏ1சி-யும் (மூன்று மாத சர்க்கரை சராசரி) பொய்யாகக் குறைந்து காட்டும், ஏனென்றால் புதிய சிவப்பணுக்களுக்குச் சர்க்கரை ஏற நேரம் கிடைப்பதில்லை. தானம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஃபெரிட்டினையும் கூடவே பாருங்கள், ரத்த வங்கியில் ஊசி போடுவதை மறைக்காதீர்கள்.

நீலக்குடை

நன்றி. ஹீமோகுளோபின் 17.7, ஆக நிஜம்தான். குறட்டையும் பலமாகவே உண்டு. இன்னொன்று: முடி கொட்டுவதால் பயோட்டின் (வைட்டமின் பி7) 10 மி.கி.யும் ஃபினாஸ்டரைடு மாத்திரை 1 மி.கி.யும் போகிறது. பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) 1.1. இவை ரிப்போர்ட்டைக் கெடுக்குமா?

மூன்றாம்குழாய்

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாம்! இரண்டுமே கெடுக்கும்.

பயோட்டினையே பசைபோலப் பயன்படுத்தும் பயோட்டின்–ஸ்ட்ரெப்டாவிடின் முறையில் இயங்கும் கருவிகளில் அதிக பயோட்டின் இருந்தால் டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ராடியால் பொய்யாக ஏறும்; பிஎஸ்ஏ, டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனை) பொய்யாக இறங்கும். பயோட்டினை 3 நாள் நிறுத்திவிட்டு லேபுக்குப் போங்கள். உங்கள் எஸ்ட்ராடியால் 46-ஐயே நம்ப முடியாது. மறுபடி எடுப்பதானால் பயோட்டின் குறுக்கிடாத மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் பார்க்கும் லேபில் எடுங்கள். அப்போதும் 46 வந்தாலும், மார்பில் வலியோ வீக்கமோ இல்லாமல் எண்ணுக்காக அனஸ்ட்ரசோல் வேண்டாம். ஆணின் எலும்பைக் காப்பதில் எஸ்ட்ராடியாலுக்குப் பெரிய பங்கு. அதை அடித்து வீழ்த்தினால் மூட்டு வலியும் எலும்புத் தேய்மானமும்தான் மிச்சம்.

ஃபினாஸ்டரைடு ஆறு மாதத்துக்கு மேல் போனால் பிஎஸ்ஏ சுமார் பாதியாகும், 1 மி.கி.யிலும் அப்படித்தான். உங்கள் 1.1-ஐ 2.2 என்று படியுங்கள். டெஸ்டோஸ்டிரோன் தொடங்கிய முதல் வருடத்தில் பிஎஸ்ஏ தொடக்க அளவைவிட 1.4-க்கு மேல் கூடினாலோ, மறுபடி எடுத்தும் 4-ஐத் தாண்டினாலோ யூராலஜிஸ்ட். ஃபினாஸ்டரைடு எடுப்பவருக்கு, அடிமட்டத்தில் இருந்து சின்ன ஏற்றமும் டாக்டரிடம் கேட்க வேண்டியதுதான். பிஎஸ்ஏ-வுக்கு ரத்தம் எடுப்பதற்கு முந்தைய 2 நாள் விந்து வெளியேற்றமும் சைக்கிளும் வேண்டாம்.

குறட்டைக்கு ஸ்லீப் ஸ்டடி முதலில், ரத்ததானம் அப்புறம். 2023-இல் வந்த டிராவர்ஸ் ஆய்வில் இதய ஆபத்து உள்ள 5,200-க்கு மேற்பட்ட ஆண்களில் ஒரு பாதிக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லும் மறுபாதிக்கு மருந்தில்லா ஜெல்லும் கொடுத்ததில், மருந்து எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் (சீரற்ற இதயத்துடிப்பு) நுரையீரல் ரத்தக்கட்டியும் சற்று அதிகம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அடுத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.