ஜிடிஐ எஞ்சின்: வால்வு கரிக்கு டேங்கில் ஊற்றும் கிளீனர் போதுமா?

நாலுசிலிண்டர்:
1.5 லிட்டர் டர்போ ஜிடிஐ (பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்), 80,000 கி.மீ. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிஷம் ஐடில் உதறுகிறது, சூடானதும் சரியாகிவிடுகிறது. ஸ்கேனரில் பி0300 (எந்த சிலிண்டர் என்று சொல்லாத மிஸ்ஃபயர்), பி0302 (2-ஆம் சிலிண்டரில் மிஸ்ஃபயர்). பிளக், காயில் இரண்டும் புதுசு. இன்டேக் வால்வில் கரி என்கிறார்கள். டேங்கில் கிளீனர் ஊற்றினால் போகுமா, மேனிஃபோல்டைக் கழற்றித்தான் ஆகணுமா? எம்பிஎஃப்ஐயில் (வால்வுக்கு முன்னாலுள்ள காற்றுப் பாதையான போர்ட்டில் பெட்ரோல் தெளிக்கும் முறை) இல்லாத தொல்லை இது. பிறகு எதற்கு ஜிடிஐ?

டார்க்ரெஞ்ச்:
போகாது. எம்பிஎஃப்ஐயில் இன்ஜெக்டர் போர்ட்டில் உட்கார்ந்து, 3-4 பார் அழுத்தத்தில் வால்வின் முதுகிலேயே பெட்ரோலைத் தெளிக்கும். வால்வு தானாகவே கழுவப்படும். ஜிடிஐயில் 200 பார், புதியவற்றில் 350 பார் வரை, நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. பிசிவி (கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் அமைப்பு) வழியாக வரும் எண்ணெய் ஆவி வால்வில் படிந்து வெந்து இறுகும். கழுவ ஆளில்லை. டேங்க் கிளீனர் இன்ஜெக்டர் நுனிக்கு நல்லது, அவ்வளவுதான்.

ஆனால் கரி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கோடு 2-ஆம் சிலிண்டரைத் தனியாகக் காட்டுகிறது. சொட்டும் இன்ஜெக்டரும் இதே அறிகுறியைத் தரும். ஓர் இரவு நிறுத்தி வைத்து, ஸ்டார்ட் செய்யாமல் நாலு பிளக்கையும் கழற்றி போரோஸ்கோப்பை (மெல்லிய குழாய்க் கேமரா) விடுங்கள். 2-இல் மட்டும் பிஸ்டன் தலை ஈரமாக இருந்தால் இன்ஜெக்டர்தான். கையோடு கம்ப்ரெஷனும் (சிலிண்டர் அழுத்தம்) பார்த்துவிடுங்கள்.

கரிக்கொல்லி:
கரிதான் என்று உறுதியானால் வால்நட் ஓடு பிளாஸ்டிங், அதாவது ஓட்டுத்தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துக் கரியைப் பெயர்ப்பது. மேனிஃபோல்டை எடுத்ததும் திறந்திருக்கும் மற்ற போர்ட்களை அடையுங்கள். வேலை செய்யும் சிலிண்டரின் இன்டேக் வால்வு இரண்டும் முழுசாக மூடும்வரை கிராங்கைக் கையால் சுற்றுங்கள். வால்வு லேசாகத் திறந்திருந்தாலும் ஓட்டுத்தூள் உள்ளே இறங்கும். இந்த வேலையில் நடக்கும் பெரிய தப்பு இதுதான். கரி பிசுபிசுப்பாக இருந்தால் முதலில் கரைப்பானில் ஊறவைத்து, உறிஞ்சி எடுத்து, காற்றடித்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் தூள் சேறாகி ஒட்டிக்கொள்ளும். வேக்கம் அடாப்டர் (தூளை உறிஞ்சும் குழாய் இணைப்பு) இல்லாமல் தொடவே வேண்டாம். திருப்பிப் பூட்டும்போது கேஸ்கெட் புதுசு, போல்ட் இறுக்கும் டார்க் மேனுவல்படி.

த்ராட்டில் வழியாக அடிக்கும் ஸ்பிரே டர்போவில் எனக்குப் பிடிக்காது. இறுகிய கரி பெயர்ந்தால் அடுத்த நிறுத்தம் டர்பைன் சக்கரம். கேட்ச் கேன் (எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் டப்பா) கரி படிவதைக் குறைக்கலாம், நிறுத்தாது.

எண்ணெய்க்கறை:
எதற்கு ஜிடிஐ என்ற கேள்விக்கு: பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே ஆவியாகும்போது உள்ளிருக்கும் காற்றைக் குளிர்விக்கிறது. நாக்கிங் (பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டுவது) தள்ளிப்போகும், அதனால் கம்ப்ரெஷன் விகிதத்தை உயர்த்தலாம், அல்லது டர்போ பூஸ்ட்டைக் கூட்டலாம். சின்ன எஞ்சினில் இவ்வளவு டார்க் வருவது இதனால்தான்.

விலை கரி மட்டுமில்லை. கலக்க நேரம் குறைவு, சுவரில் படும் பெட்ரோல் முழுசாக எரியாது, நுண்புகைத் துகள் கூடும். யூரோ 6 மாசு விதியில் ஜிடிஐக்குத் துகள் எண்ணிக்கை வரம்பு வந்ததும், பல கார்களில் பெட்ரோலுக்கும் வடிகட்டி ஏறியதும் இதனால்தான். குறுந்தூரமே ஓடும் வண்டியில் பெட்ரோல் எண்ணெயிலும் இறங்கும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறி, பெட்ரோல் வாடை வந்தால் கெடு வரும்வரை காத்திருக்காமல் எண்ணெயை மாற்றுங்கள்.

இன்னொன்று எல்எஸ்பிஐ: குறைந்த ஆர்பிஎம்மில் பலமாக மிதிக்கும்போது ஸ்பார்க்குக்கு முன்பே தீப்பற்றி பிஸ்டனை உடைப்பது. எண்ணெயில் கால்சியம் டிடர்ஜென்ட் அதிகமிருந்தால் வாய்ப்பு கூடும். ஏபிஐ எஸ்பி (இதற்கெதிராகச் சோதித்த தரக்குறி) எண்ணெய் போடுங்கள், மேட்டில் கியரைக் குறைத்து ஏறுங்கள்.

போர்ட், டைரக்ட் இரண்டு இன்ஜெக்டரும் உள்ள எஞ்சின்களும் உண்டு, டொயோட்டாவின் டி-4எஸ் போல. வால்வும் கழுவப்படும், ஆனால் நாலு சிலிண்டருக்கு இன்ஜெக்டர் எட்டு.

நாலுசிலிண்டர்:
போரோஸ்கோப்பில் 2-ஆம் பிஸ்டன் ஈரம், மற்ற மூன்றும் காய்ந்திருக்கின்றன. கம்ப்ரெஷன் நாலிலும் சமம்.

டார்க்ரெஞ்ச்:
அப்போ இன்ஜெக்டர். ஹைபிரஷர் லைனில் கை வைக்குமுன் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அழுத்தத்தை இறக்கி, ஸ்கேனரில் பார்த்து உறுதிசெய்யுங்கள். 200 பார் பீய்ச்சல் தோலைத் துளைக்கும். கழற்றிய இன்ஜெக்டருக்குப் புது டெஃப்லான் சீல், சைசிங் ஸ்லீவ் (சீலைச் சரியான அளவுக்கு ஒடுக்கும் உறை) போட்டு இறுக்கிய பிறகே உள்ளே. சீலில் கிரீஸ், எண்ணெய் எதுவும் தடவாதீர்கள்.