முகப்பில் ஒரு பெயர், பின்தகட்டில் ஒரு நட்சத்திரம்

தாத்தா விட்டுச்சென்ற மேசைக் கடிகாரத்துக்கு நூற்றைம்பது வயதுக்குக் குறையாது என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் கேள்வி கேட்காத செய்தி. பெரியப்பா இன்னும் ஒருபடி மேலே போய், அது லண்டனில் செய்தது என்று அடித்துச் சொல்வார். முகப்பில் ஓர் ஆங்கிலப் பெயரும் ‘லண்டன்’ என்ற ஊரும் இருப்பதுதான் அவருக்குச் சான்று. ஆனால் விற்ற கடைக்காரர்கள் தங்கள் பெயரை முகப்பில் எழுதி வாங்கிக்கொள்வது அந்நாளில் சாதாரண வழக்கம். செய்தவர் யார் என்று தெரிய வேண்டுமானால் உள்ளே இயந்திரத்தின் பின்தகட்டைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பெண்டுலத்தைக் கழற்றி வைத்தேன். அது ஆடும்போதே கடிகாரத்தைத் தூக்கினால், அதைத் தாங்கும் மெல்லிய எஃகுப் பட்டை முறிந்துவிடக்கூடும். பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது பித்தளையில் எட்டு முனை நட்சத்திரமும் அதன் நடுவில் ‘ஜே’ என்ற எழுத்தும் தெரிந்தன. ஜெர்மனியின் ஷ்ராம்பெர்க் நகரில் 1861-இல் தொடங்கிய யுங்கான்ஸ் நிறுவனத்தின் முத்திரை அது. எட்டு முனை நட்சத்திரம் 1890-இல்தான் வந்தது. லண்டனும் நூற்றைம்பதும் அந்த ஒரு பார்வையிலேயே அடிபட்டுப்போயின. ஓரத்தில் இன்னும் சிறியதாக ‘பி 11’. ஆண்டின் முற்பாதிக்கு ‘ஏ’, பிற்பாதிக்கு ‘பி’ என்று அந்த நிறுவனம் குறித்துவந்தது. ஆக, 1911-இன் பிற்பாதி. குடும்பக் கதையைவிட இந்தச் சின்ன எழுத்து எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது.

அதன்பின் உறவினர் வீடுகளில் பழைய கடிகாரம் எதைக் கண்டாலும் பின்பக்கத்தைப் பார்க்காமல் வருவதில்லை. அத்தை வீட்டுக் கருங்கல் கடிகாரம் பிரெஞ்சுக்காரர்களுடையது. வட்டத் தகட்டில் அதைச் செய்த மார்ட்டி என்ற நிறுவனத்தின் பெயரும், 1900-இல் பெற்ற தங்கப் பதக்கமும் பொறித்திருக்கின்றன. அதுதான் அது பிறந்த ஆண்டு என்றார் அத்தை. பதக்க ஆண்டு சொல்வது ‘இதற்கு முன் இல்லை’ என்பதை மட்டுமே. பதக்கம் வாங்கியவர்கள் அதைப் பல்லாண்டுகள் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். காப்புரிமை ஆண்டும் அப்படித்தான். அதே தகட்டின் அடியில் ‘5 4’ என்று இருந்தது தேதி அல்ல, பெண்டுலத்தின் நீளம். பழைய பிரெஞ்சு அளவில் ஐந்து அங்குலம் நான்கு வரி (வரி என்பது அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு), ஏறக்குறைய 144 மில்லிமீட்டர். பெண்டுலத்தின் குண்டில் தகட்டில் உள்ள அதே வரிசை எண் இருந்தால் இரண்டும் பிறந்ததிலிருந்தே சேர்ந்திருக்கின்றன என்று நம்பலாம். அத்தையின் கடிகாரத்தில் எண்கள் பொருந்தின.

அமெரிக்கக் கடிகாரங்களில் சேத் தாமஸ் நிறுவனத்தார் செய்தது விந்தையான வேலை. ஆண்டைத் திருப்பி எழுதி, மாதத்துக்கு ஓர் எழுத்துச் சேர்ப்பார்கள். பெட்டியின் அடியில் ‘9981 எச்’ என்றிருந்தால் 1899 ஆகஸ்ட்.

பெட்டியும் இயந்திரமும் ஒரே காலத்தவையா என்பதையும் பார்த்துவிடுங்கள். உள்ளே திருகாணி இல்லாத பழைய துளைகள் இருந்தால், இயந்திரம் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கக்கூடும்.

ஒரு வேண்டுகோள்: தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். பழுதுபார்த்தவர்கள் ஊசியால் கீறிவைத்த பெயரும் தேதியும் அதில் இருக்கும். எங்கள் கடிகாரத்தின் முன்தகட்டின் உட்புறத்தில் 1938 என்ற கீறல் இருக்கிறது. யார் கீறியது என்று தெரியவில்லை; பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறேன்.