கண்மாயும் கரைப்பாதையும் ஒரே புள்ளிகளில் பிணைந்திருந்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எப்படித் திருத்துவது?

மருதங்கரை எழுதியது:

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரின் தெருக்கள், கோவில்கள், பள்ளி, ரேஷன் கடை ஆகியவற்றை, யாவரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் உலாவியிலேயே திறக்கும் ஐடி தொகுப்பானைக் கொண்டு இதுவரை சேர்த்து வந்தேன். அடுத்ததாக ஊர்க் கண்மாயைச் சரிசெய்ய விரும்புகிறேன். எங்கள் பாசனம் முழுவதும் அதை நம்பியே இருப்பதால், வரைபடத்தில் அது ஒழுங்காக இடம்பெற வேண்டும் என்பது எனக்கு முக்கியம்.

கண்மாயின் எல்லையைப் பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் மிகச் சில புள்ளிகளைக் கொண்டு தோராயமாக வரைந்திருக்கிறார். கரைமேல் செல்லும் வண்டிப்பாதை, கண்மாயின் நீர்ப்பரப்பு, கரைக்கு வெளியே உள்ள வயல் ஆகிய மூன்றும் ஒரே புள்ளிகளைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. ஆகவே நீர்ப்பரப்பின் ஒரு புள்ளியை இழுத்தால் பாதையும் வயலும் சேர்ந்தே நகர்ந்துவிடுகின்றன. பின்னணியில் பிங் செயற்கைக்கோள் படத்தை வைத்தால் கரை ஓரிடத்திலும், எஸ்ரி படத்தை வைத்தால் சில மீட்டர் தள்ளியும் தெரிகிறது. போதாக்குறைக்கு, இரண்டு படங்களுமே கோடையில் எடுக்கப்பட்டவை போலிருக்கின்றன. கண்மாய்க்குள் நீரே இல்லை. உள்வாய் முழுவதும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கரை இருக்கும் கிழக்குப் பக்கத்தில் எல்லை தெளிவாக இருக்கிறது. நீர் வந்து சேரும் மேற்குப் பக்கத்தில் கண்மாய் எங்கே முடிகிறது என்பதைப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல இயலவில்லை.

பழைய உருவத்தை நீக்கிவிட்டுப் புதிதாக வரைவது முறையா? இந்த வேலைக்கு ஜோசம் மென்பொருளுக்கு மாற வேண்டுமா, ஐடியே போதுமா? மேற்கு எல்லைக்கு வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தை அடிப்படையாகக் கொள்ளலாமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடகரை எழுதியது:

தயவுசெய்து நீக்காதீர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வோர் உருவத்துக்கும் ஓர் அடையாள எண்ணும், அது முதன்முதலில் வரையப்பட்ட நாள் தொட்டு யார் எதை மாற்றினார் என்ற வரலாறும் இருக்கின்றன. கண்மாயின் பெயரை முதலில் இட்டவர் யார், எந்த ஆதாரத்தைக் கொண்டு இட்டார் என்று நாளை ஒருவர் தேடினால், அந்தப் பதிவு பழைய எண்ணோடுதான் ஒட்டியிருக்கும். நீக்கிவிட்டு வரைந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். முன்பு வரைந்தவர் தெளிவற்ற படங்களை வைத்துக்கொண்டு இயன்றதைச் செய்திருக்கிறார். அவர் உழைப்பின்மீதே உங்கள் திருத்தமும் அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஐடியிலேயே இதைச் செய்ய முடியும். பகிரப்பட்ட புள்ளியைத் தேர்ந்தெடுத்து டி விசையை அழுத்தினால் இணைப்பு பிரியும். வரையும்போது ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டால் அருகிலுள்ள கோட்டோடு தானாக ஒட்டிக்கொள்ளாது. புள்ளிகள் சிலவே இருந்தால் அதுவே போதும். ஆனால் கரை நெடுகிலும் மூன்று உருவங்கள் பிணைந்திருக்கும்போது ஜோசத்தைக் கற்றுக்கொள்வது நல்லது. அது ஜாவாவில் இயங்கும் தனி மென்பொருள். வேண்டிய பகுதியை மட்டும் உங்கள் கணினிக்கு இறக்கி, அங்கேயே திருத்தி, முடித்த பிறகு நீங்களாக ஏற்றினால்தான் மாற்றம் பொதுவெளிக்குச் செல்லும். அதனால் பதற்றமின்றி நிதானமாக வேலை செய்யலாம்.

ஜோசத்தில் கண்மாயின் எல்லைக்கோட்டையும் பகிரப்பட்ட புள்ளிகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஜி விசையை அழுத்துங்கள். எல்லைக்கோடு மட்டும் தனியே பிரிந்துவிடும். பார்வைக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. ஏனெனில் பிரிந்த புள்ளிகள் பழைய இடத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அதன்பின் டபிள்யூ விசையை அழுத்தினால் கோட்டைத் துல்லியமாக்கும் முறைக்குள் செல்வீர்கள்: அங்கே சொடுக்கினால் அருகிலுள்ள புள்ளி சுட்டி இருக்கும் இடத்துக்கு வரும், கன்ட்ரோலோடு சொடுக்கினால் புதிய புள்ளி சேரும், ஆல்ட்டோடு சொடுக்கினால் தேவையற்ற புள்ளி நீங்கும். கரையின் உட்சரிவு நீரைத் தொடும் இடத்துக்கு எல்லையை நகர்த்திவிட்டுப் பாதையைக் கரையின் உச்சியிலேயே விட்டுவிடுங்கள். வயலையும் இதே முறையில் பிரித்து வெளிச்சரிவின் அடிக்குக் கொண்டுபோகலாம்.

பழைய உருவம் திருத்தவே முடியாத அளவுக்குத் தவறாக இருந்தால், புதிய உருவத்தை அதன் அருகில் வரைந்து, யூட்டில்ஸ்பிளகின்2 என்னும் செருகுநிரலில் உள்ள வடிவம் மாற்றும் கட்டளையை இரண்டின்மீதும் பயன்படுத்துங்கள். புதிய வடிவம் பழைய எண்ணுக்குள் புகுந்துகொள்ளும். வரலாறும், உருவம் இன்னதென்று சொல்லும் குறிச்சொற்களும் காப்பாற்றப்படும்.

படங்களுக்கு இடையே உள்ள விலகலைப் பொறுத்தவரை, பிங், எஸ்ரி இரண்டில் எதையும் அப்படியே நம்பக் கூடாது. ஓஸ்மான்ட் போன்ற செயலியில் தடம் பதிவு செய்துகொண்டு கரைமேல் போய்வாருங்கள். கைப்பேசியின் ஜிபிஎஸ் ஒரே நடையில் சில மீட்டர் பிழை காட்டும். பல தடங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் நடுவாக ஓடும் பாதை உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். பிறர் பொதுவில் ஏற்றியுள்ள தடங்களையும் ஜோசத்தில் இறக்கிக்கொள்ளலாம். பின்னணிப் படத்தை அந்தத் தடங்களோடு பொருத்தி நகர்த்திய பிறகே வரையத் தொடங்குங்கள். ஐடியிலும் பின்னணிப் பலகையில் இந்த வசதி இருக்கிறது. படத்துக்கு ஏற்றவாறு சாலைகளை நகர்த்துவதுதான் பலரும் செய்வது. முன்பு ஒருவர் தடங்களைக் கொண்டு சரியாக வரைந்த சாலைகள்கூட இதனால் கெட்டுவிடுகின்றன.

மடைவாசல் எழுதியது:

கருவியைப் பற்றி வடகரை போதுமான அளவு சொல்லிவிட்டார். மேற்கு எல்லையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் தென் மாவட்டக் கண்மாய்கள் எல்லாவற்றிலும் சிக்கல் இங்குதான்.

கண்மாய் என்பது சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கரை எழுப்பி நீரைத் தேக்கும் அமைப்பு. எதிர்ப்பக்கத்தில் நிலம் மெல்ல உயர்ந்துகொண்டே போகும். அங்கே கரை கிடையாது, நீர் எவ்வளவு தூரம் ஏறுகிறதோ அதுவே எல்லை. ஆகவே கலுங்கின் வழியாக உபரி வெளியேறத் தொடங்கும்போது நீர் எதுவரை பரவியிருக்கிறதோ, அந்த வரம்பையே நான் வரைவேன். வறண்ட மாதத்தில் எடுத்த படத்தில் தெரியும் குட்டையைக் கண்மாய் என்று வரைந்தால், அந்த நீர்நிலையின் பெரும்பகுதி வரைபடத்திலிருந்து காணாமல் போய்விடும்.

அந்த வரம்பைக் கண்டுபிடிக்க சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் உதவும். 2015 முதல் எடுக்கப்படும் இந்தப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் மிகுதியாகப் பெய்த 2021ஆம் ஆண்டின் இறுதியையும், மேகம் விலகிய 2022 ஜனவரியையும் பாருங்கள். இவற்றில் ஒரு படப்புள்ளி தரையில் 10 மீட்டர் என்பதால் கோட்டை அவற்றின்மீதே வரைய முடியாது. நீர் எந்த வரப்பு வரை, எந்தப் பாதை வரை வந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அதே வரப்பைத் தெளிவான படத்தில் தேடி வரைய வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் லேண்ட்சாட் படங்களைக் கொண்டு 1984 முதல் தொகுத்துள்ள உலக நீர்ப்பரப்பு வரைபடமும் ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்தது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கருவேலம் அடர்ந்திருக்கும் இடத்தில் நீர் மரங்களின் அடியில் நிற்கும், செயற்கைக்கோளுக்கோ மேலேயுள்ள இலைப்பரப்பு மட்டுமே தெரியும். அதனால் படத்தில் காணும் நீர்ப்பரப்பு உண்மையைவிடச் சுருங்கியே இருக்கும். இந்த இடத்தில் உங்கள் ஊர்ப் பெரியவர்களிடமும், மடை திறந்து நீர் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சியிடமும் கேட்பதற்கு ஈடாக எந்தப் படமும் இல்லை. வெளியூரில் இருந்துகொண்டு வரைபவர்களுக்குக் கிட்டாத அறிவு அது.

குறிச்சொற்களில் நேச்சுரல்=வாட்டர், வாட்டர்=ரெசர்வாயர் ஆகியவற்றோடு இன்டர்மிட்டன்ட்=யெஸ் என்பதையும் அவசியம் சேருங்கள். ஆண்டின் பல மாதங்கள் வறண்டிருக்கும் என்பதை அதுவே தெரிவிக்கும். வரைபடத்தைக் காட்டும் செயலிகள் அதைப் படித்து நீர்ப்பரப்பை வேறுபடுத்திக் காட்டவும் முடியும். வரத்துக்கால்களை வரையும்போது கோட்டின் திசை நீர் ஓடும் திசையாக இருக்க வேண்டும். மேலேயிருந்து கண்மாயை நோக்கியே வரைந்து வாருங்கள்.

நாற்சந்தி எழுதியது:

கிராம வரைபடத்தைப் பற்றிய கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு 2012 முதல் ஓடிபிஎல் என்னும் திறந்த உரிமத்தில் வெளியிடப்படுகிறது. அந்த உரிமத்தோடு பொருந்தும்படி வெளிப்படையாக அனுமதி அளிக்கப்படாத எந்த வரைபடத்திலிருந்தும், அது அரசினுடையதாயினும் கூகுளுடையதாயினும், கோடுகளைப் படியெடுக்கக் கூடாது. அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950களில் வெளியிட்ட இந்தியத் தாள்கள் பொதுவுடைமை என்பதால் உரிமச் சிக்கல் இல்லை. ஆனால் அவற்றின் அளவை 1:2,50,000. தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 250 மீட்டர் ஆகும்போது, கண்மாயின் எல்லைக்கு அவை எவ்வகையிலும் உதவா.

உரிமம் ஒருபுறம் இருக்கட்டும். வருவாய்ப் பதிவேடு காட்டுவது கண்மாய்ப் புறம்போக்கின் எல்லையை. அது நீர்ப்பரப்பின் எல்லை அன்று. கரை, கரையடி நிலம் எல்லாம் அதற்குள் அடங்கும். இங்கே மடைவாசல் சொன்னதிலும் எனக்கு ஒரு மாறுபாடு இருக்கிறது. நீர் முன்பு ஏறிய இடத்தில் இப்போது வீடுகள் எழுந்திருந்தாலோ, மண் கொட்டி மேடாக்கி நெல் பயிரிடப்பட்டிருந்தாலோ, அந்த இடத்தை நீர்ப்பரப்பாக வரைவது சரியில்லை. தரையில் என்ன இருக்கிறதோ அதைப் பதிவு செய்வதே இந்தத் திட்டத்தின் அடிப்படை. கண்மாய் சுருங்கியிருப்பது நம் எல்லோருக்கும் வேதனை தருவதுதான். ஆயினும் சுருங்கியதை உள்ளபடி வரைந்தால்தான், பத்து ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் வரலாற்றைப் புரட்டி எங்கே, எப்போது குறைந்தது என்று காண முடியும்.

ஏற்றுவதற்கு முன் ஜோசத்தின் சரிபார்ப்பியை ஓட்டி, பிரித்தபின் நகர்த்தப்படாமல் ஒரே இடத்தில் இருக்கும் இரட்டைப் புள்ளிகளை அது சுட்டிக்காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு கண்மாய்க்கு ஒரு மாற்றத்தொகுப்பு, அதாவது ஒன்றாகச் சேர்த்து ஏற்றும் திருத்தங்களின் தொகுதி, போதும். தொலைவிலுள்ள வேறு ஊரின் திருத்தத்தை அதனோடு கலக்காதீர்கள். கருத்துரையில் ‘திருத்தம்’ என்று ஒற்றைச் சொல்லாக எழுதாமல், கண்மாயின் எல்லையைக் கரைப்பாதையிலிருந்து பிரித்தேன், மேற்கு வரம்பை உள்ளூர் விசாரணையின்படி அமைத்தேன் என்பதுபோல எழுதி, ஆதாரத்தில் பயன்படுத்திய படத்தின் பெயரையும் நேரடி ஆய்வையும் குறிப்பிடுங்கள். முன்பு வரைந்தவரின் மாற்றத்தொகுப்பில் ஒரு குறிப்பு இட்டுத் தெரிவித்தால் அவருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்.

மருதங்கரை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஜோசத்தில் எல்லையையும் வயலையும் பிரித்து, கரைப் பக்கத்தை முடித்துவிட்டேன். மேற்கில் வீடுகளோ மேடாக்கிய வயலோ இல்லை. பெரிய மழைக்கு நீர் பழைய வண்டித்தடம் வரை வரும் என்று நீர்ப்பாய்ச்சி உறுதியாகச் சொன்னதால் அதையே வரம்பாகக் கொண்டேன். எஞ்சியிருப்பது ஒரே ஐயம்: கரைப்பாதை கலுங்கின் இடத்தில் தாழ்ந்து, உபரி ஓடும் வாய்க்காலின் தளத்தின்மீதே செல்கிறது. அங்கேயும் இரண்டையும் பிரித்துவிட வேண்டுமா?

மடைவாசல் எழுதியது:

அங்கே பிரிக்கக் கூடாது. கரை நெடுகிலும் பாதையும் நீர்ப்பரப்பும் அருகருகே இருந்தனவே தவிர ஒன்றையொன்று சந்திக்கவில்லை; கலுங்கில் பாதையும் வாய்க்காலும் ஒரே மட்டத்தில் உண்மையிலேயே குறுக்கிடுகின்றன. எனவே இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், அந்தப் புள்ளிக்கு ஃபோர்டு=யெஸ் என்று இடுங்கள். மேலே பாலம் கட்டியிருந்தால் மட்டுமே பகிரும் புள்ளி இல்லாமல் பாதையைத் துண்டாக்கிப் பாலம் என்று குறிக்க வேண்டும். கலுங்கின் தடுப்புச் சுவரைத் தனிக் கோடாக வாட்டர்வே=வேர் என்று வரையலாம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். எல்லையைப் பிரிக்கும்போது பாதை ஊர்ச்சாலையோடு சேரும் சந்திப்பில் இருந்த இணைப்பும் தவறுதலாக அறுந்திருக்க வாய்ப்புண்டு. கண்ணுக்குத் தொட்டுக்கொண்டிருப்பதுபோலத் தெரிந்தாலும், புள்ளி பொதுவாக இல்லாவிட்டால் வழிகாட்டும் செயலிகள் அங்கே வழியில்லை என்றே கொள்ளும். ஜோசத்தில் அந்தச் சந்திப்புப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலையும் ஐ விசையையும் அழுத்தினால், அது எந்தெந்தக் கோடுகளுக்கு உரியது என்ற பட்டியல் வரும். கரைப்பாதை, ஊர்ச்சாலை இரண்டும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு ஏற்றுங்கள்.