பல வரிகளில் முன்னேற்றம் காட்டும்போது பழைய வரிகள் அழியாமல் தங்கிவிடுகின்றன

கேள்வி: கோணமலையான்
வணக்கம். திருகோணமலையிலுள்ள எங்கள் ஒளிப்படக் கூடத்தின் பழைய படங்களை வெளி வன்தட்டுக்குப் பிரதியெடுக்கப் பைதனில் ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். மூதூர், கிண்ணியா, நிலாவெளி என ஊர்வாரியாகப் பிரித்த கோப்புறைகளை மூன்று திரெட்டுகள் (நிரலுக்குள் இணையாக இயங்கும் பகுதிகள்) ஒரே நேரத்தில் பிரதி செய்கின்றன; ஒவ்வொன்றின் முன்னேற்றமும் தனி வரியில் தெரியவேண்டும். வரித் தொடக்கத்துக்குத் திரும்பும் குறியீடு கடைசி வரியை மட்டுமே புதுப்பிப்பதால், எஸ்கேப், சதுர அடைப்பு, 3, பெரிய ஏ என்ற தொடரை அனுப்பி, மூன்று வரி மேலே சென்று மீண்டும் எழுதுகிறேன். டெர்மினல் எனும் கட்டளைச் சாளரம் அகலமாக இருந்தால் இது சரியாக இயங்குகிறது. ஒடுங்கிய சாளரத்தில் இயக்கினால் பழைய வரிகள் மேலே குவிந்துகொண்டே போகின்றன. காரணம் என்ன?

பதில்: உப்புவெளி
நீங்கள் எழுதும் வரி சாளரத்தைவிட நீளமானால் டெர்மினல் அதை இரண்டாக மடித்துவிடும். திரையில் ஆறு வரிகள் இருக்க, நீங்கள் மூன்று வரி மட்டுமே மேலே செல்கிறீர்கள். சாளரத்தின் அகலத்தைக் கேட்டறிந்து, ஒவ்வொரு வரியையும் அதற்குள் வெட்டி எழுதுங்கள். எழுதுமுன் எஸ்கேப், சதுர அடைப்பு, 2, பெரிய கே அனுப்பினால் அந்த வரியிலிருந்த பழைய எழுத்துகளும் நீங்கும்.

பதில்: கிண்ணியா நிரலர்
வெட்டுவது ஆங்கிலப் பெயர்களுக்குப் போதும், தமிழுக்குப் போதாது. ‘மூதூர்’ கண்ணுக்கு மூன்று எழுத்து, பைதனின் நீளக் கணக்கில் 6. திரையில் அது எத்தனை கட்டங்களைப் பிடிக்கும் என்பதில் டெர்மினல்களே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஆகவே நான் கணக்கை நம்புவதில்லை. எஸ்கேப், சதுர அடைப்பு, கேள்விக்குறி, 7, சிறிய எல் என்ற தொடரால் மடிப்பையே நிறுத்திவிடுகிறேன். பின்னர் எவ்வளவு நீளமாக எழுதினாலும் அது ஒரே வரியிலேயே அடங்கும். நிரல் இடையில் நின்றாலும் சிறிய எல்லுக்குப் பதிலாகச் சிறிய எச் அனுப்பி மடிப்பை மீட்கவேண்டும். இல்லாவிடில் அந்தச் சாளரத்தில் அடுத்து வேலை செய்பவர் உங்களைத் திட்டுவார். விழுக்காட்டை முதலிலும் ஊர்ப்பெயரைக் கடைசியிலும் வைத்தால் விழுக்காடுகளின் நேர்வரிசையும் கலையாது.

கேள்வி: கோணமலையான்
மடிப்பை நிறுத்தியதும் குவியல் நின்றுவிட்டது, நன்றி. ஆனால் இடையிடையே இரண்டு ஊர்களின் விழுக்காடும் ஒரே வரியில் கலந்துவிடுகின்றன.

பதில்: உப்புவெளி
மூன்று திரெட்டுகளும் தாமாகவே திரையில் எழுதுவதுதான் காரணம். அவை தத்தம் எண்ணிக்கையை நினைவகத்தில் மாற்றட்டும். நொடிக்குப் பத்து முறை ஒரே ஒரு திரெட் மூன்று வரிகளையும் ஒரே சரமாகக் கோத்து எழுதி, உடனே ஃபிளஷ் செய்யட்டும், அதாவது தேக்கிவைக்காமல் திரைக்கு அனுப்பட்டும். வெளியீடு கோப்புக்குத் திருப்பப்பட்டிருந்தால் இந்தக் குறியீடுகள் எதையும் அனுப்பாதீர்கள். வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்பதைப் பைதனின் ‘இஸ்ஏடிடிவை’ (isatty) என்ற செயற்கூறு சொல்லிவிடும்.