ஆறு பாயாத இடத்தில் கிரானைட் பாறைகள் உருண்டையாக இருப்பது ஏன்?

கேள்வி:
ஆற்றுக் கூழாங்கற்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து உருண்டையாகின்றன என்பது புரிகிறது. ஆனால் ஆறே பாயாத இடங்களிலும் குன்றுகளின் மீதும் வீட்டளவு பெரிய கிரானைட் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றனவே! பகல் வெயிலில் விரிந்து இரவுக் குளிரில் சுருங்குவதால் பாறையின் மேற்பரப்பு வெங்காயத் தோல்போல் உரிந்து இவ்வடிவம் உண்டாகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அவ்வளவு கடினமான கல்லை வெயில் மட்டுமே செதுக்கிவிடுமா? வெயிலே படாத அடிப்பக்கமும் உருண்டிருப்பது எப்படி?

மறுமொழி 1:
உங்கள் கடைசிக் கேள்வியிலேயே விடைக்கான வழி இருக்கிறது. அந்த உருண்டைகளில் பல மண்ணுக்கடியில் உருவாகி, மேலே மூடியிருந்த மண் அரித்துச் செல்லப்பட்ட பிறகே வெளியே தெரிய வந்தவை.

கிரானைட் என்பது பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு மிக மெதுவாகக் குளிர்ந்து இறுகிய அனற்பாறை. அதனால்தான் அதன் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கின்றன. குளிர்ந்து சுருங்கும்போதும், பின்னர் மேலிருந்த பாறைச்சுமை நீங்கி விரியும்போதும், அதில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் விழுந்து, பாறை பெரிய கட்டிகளாகப் பிரிகிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு, வீரியம் குறைந்த அமிலமாக மாறி, இந்த விரிசல்களுக்குள் இறங்குகிறது. கட்டியின் முகத்தை அது ஒரு பக்கத்திலிருந்துதான் தாக்க முடியும். விளிம்பை இரண்டு பக்கங்களிலிருந்தும், மூலையை மூன்று பக்கங்களிலிருந்தும் தாக்கும். ஆகவே மூலைகள் முதலில் சிதைகின்றன, நடுவில் எஞ்சும் கல் நாளடைவில் உருண்டையாகிறது. ஆஸ்திரேலியாவின் வடக்கு மண்டலத்தில் உள்ள கார்லு கார்லு பாறைகள் இதற்குப் புகழ்பெற்ற சான்று.

மறுமொழி 2:
வெயிலைப் பற்றி ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். 1936இல் டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், மெருகேற்றிய சிறிய கிரானைட் துண்டு ஒன்றை 89,400 முறை சூடாக்கி உலர்ந்த காற்றில் குளிர வைத்த சோதனையின் முடிவை வெளியிட்டார். ஏறக்குறைய 244 ஆண்டுகளின் பகலிரவு மாற்றத்துக்கு இணையான அந்தச் சோதனையில் கல்லில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. குளிர்விக்கும்போது நீர் தெளித்ததும், இரண்டரை ஆண்டுகளுக்கு இணையான காலத்திலேயே மெருகு மங்கி மேற்பரப்பில் விரிசல் கண்டது. சிறு துண்டை வைத்துப் பெரும்பாறையை முழுவதுமாக எடைபோட முடியாது. இயற்கையில் ஏற்கெனவே விரிசலுள்ள பாறையை வெப்பம் மேலும் பிளக்கவே செய்கிறது. ஆயினும் நீரை விட்டுவிட்டு வெயிலை மட்டும் சொல்லித்தருவது சரியன்று என்பதே என் உறுதியான கருத்து.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்படியானால் உருண்டையைச் சுற்றியிருந்த அவ்வளவு கல்லும் எங்கே போயிற்று?

மறுமொழி 1:
கிரானைட்டில் பெரும்பங்கு வகிக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் நீருடன் வினைபுரிந்து கயோலின் போன்ற களிமண்ணாகிறது. அதிலிருந்த சோடியமும் பொட்டாசியமும் நீரில் கரைந்து வெளியேறுகின்றன. கிரானைட்டின் மற்றொரு கனிமமான குவார்ட்ஸ் மட்டும் எளிதில் மாறாமல் மணலாக உதிர்கிறது. அதிக வெப்பத்தில் உருவான கனிமங்களே பூமியின் மேற்பரப்பில் விரைவாகச் சிதைகின்றன என்று 1938இல் அமெரிக்கப் புவியியலாளர் கோல்டிச் காட்டிய வரிசையில் மிகவும் தாக்குப்பிடிப்பது குவார்ட்ஸ்தான். மணலை ஆறு கடலுக்கோ தாழ்நிலத்துக்கோ கொண்டு சேர்க்க, அது அடுக்கடுக்காகப் படிந்து, புதையுண்டு, அழுத்தப்பட்டு மணற்கல்லாகிறது. ஸ்காட்லாந்தின் சிக்கார் முனையில், ஏறத்தாழ செங்குத்தாக நிற்கும் பழைய பாறை அடுக்குகள் மழுங்கத் தேய்ந்த பிறகு அவற்றின் மேல் செம்மணற்கல் படிந்திருப்பதை 1788இல் கண்ட புவியியலாளர் ஜேம்ஸ் ஹட்டன், இச்சுழற்சிக்கு எவ்வளவு நீண்ட காலம் தேவைப்பட்டிருக்கும் என்பதற்கு அதையே சான்றாகக் கொண்டார்.

சாலைக்காகக் கிரானைட் குன்றை வெட்டிய இடத்தைப் பார்க்க வாய்த்தால், வெட்டுமுகத்தைக் கவனியுங்கள். கையால் தொட்டாலே உதிரும் மக்கிய பாறைக்கு நடுவே, இன்னும் வெளியே வராத உருண்டைகள் பதிந்திருக்கக் காணலாம்.